சொல்லிக்கொண்டு போனவர்

கோர்ட் வராந்தாவில் நின்றபடி ஏட்டையா சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "போலாங்க." அவ்வளவுதான் சொன்னார். ஒரு கையில் காகிதக் கட்டு இருந்தது, மறு கையால் நழுவும் பெல்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற விசாரணைக் கைதியிடம்தான் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, வாரண்டில் முத்திரை வைத்து வாங்க உள்ளே திரும்பினார். கைதிக்கு அப்போதுதான் ஜாமீன் கிடைத்திருந்தது. 'வாங்க, நாம் கிளம்பி வண்டிக்குப் போவோம், ஜெயிலுக்குத் திரும்புவோம்' என்பது ஏட்டையா சொன்னதன் பொருள். கைதியின் காதில் விழுந்ததோ, 'நீங்கள் வீட்டுக்குப் போகலாம்' என்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதை அதுவரை நான் யோசித்ததே இல்லை.

ஏட்டையா ஆயுதப்படையில் தலைமைக் காவலர், குரும்பலூர்க்காரர். சிறையிலிருந்து கைதிகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து ஒப்படைக்கும் வழிக்காவல் வேலையிலேயே தலை நரைத்தவர். போலீஸில் எங்கள் ஆட்கள் கைதியைக் கிளப்பும் வார்த்தை வேறு. "நடறா" என்பார்கள். அதற்கு இரண்டு பொருள் கிடையாது. ஏட்டையாவுக்கு அந்த 'டா' நாக்கில் வராது. "கேசு இன்னிக்கு வரும், நாளைக்குப் போவும். அவரு வூட்ல அவரு பெரிய மனுசன்தானம்மா" என்பார். கைதியின் கையைப் பிடித்து நடத்துவதும் அவருக்குப் பிடிக்காது. பக்கத்தில் நடந்துவருவார், பார்ப்பவர்களுக்கு இரண்டு பேர் சேர்ந்து கல்யாணத்துக்குப் போவதுபோல இருக்கும். அன்றைக்கு "நடறா" என்று சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, மரியாதை கொடுத்துக் கெட்டவர் என்று எல்லோரும் பிறகு அவரைப் பேசினார்கள். பேசட்டும் என்று நானும் விட்டேன். அது பாதி உண்மைதான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆன காவலர். தகுதிகாண் பருவம் முடியவில்லை. ஆண் கைதிக்குப் பெண் காவலரை வழிக்காவலுக்கு அனுப்புவது வழக்கமில்லை. அது ஒரு வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூர்க் கோயிலில் நடை திறக்கும் நாள், அதோடு ஆடி மாதம். ஆண்கள் பாதிப் பேர் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்கள். "ஏட்டு பாத்துக்குவாரு, நீ கூட நில்லு போதும்" என்று என்னை அனுப்பினார்கள். எந்தக் கோர்ட் என்று எழுதப் போவதில்லை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் கோர்ட் வராந்தாக்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். சுவரில் முதுகு அழுக்கு ஓடும், கம்பி ஜன்னலில் யாரோ விட்டுப்போன துண்டு தொங்கும்.

கைதி உடையார்பாளையத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து வந்த விவசாயி. நாற்பத்தைந்து வயது இருக்கும். கொஞ்சம் முந்திரி, கொஞ்சம் கடலை. வரப்பை வெட்டிய தகராறில் பங்காளியை மண்வெட்டிப் பிடியால் அடித்துவிட்டார். பங்காளிக்கு முழங்கையில் கட்டு, இவருக்கு ரிமாண்ட். போலீஸ் ஸ்டேஷன் வாசலையே அதற்கு முன் மிதிக்காதவர். ஜெயிலில் இருந்த மூன்று வாரத்தில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று, எங்கே போனாலும் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது. அன்று காலையில் கழிப்பறைக்குப் போகவேண்டி வந்தபோது, "போயிட்டு வரேங்க" என்றார், ஏட்டையா கூடப் போய் வந்தார். கொஞ்சநேரம் கழித்து மறுபடி, "போயிட்டு வரேங்க." மறுபடி ஏட்டையா கூடப் போனார்.

பதினோரு மணி வாக்கில் ஜாமீன் ஆனது. அவருடைய வக்கீலே வெளியே வந்து, "ஜாமீன் ஆயிடுச்சு, இனிமே கவலயில்ல" என்று தோளைத் தட்டிவிட்டு அடுத்த கேஸுக்கு ஓடினார். ஜாமீன்தாரர்கள் வந்து கையெழுத்துப் போட்டு, உத்தரவு ஜெயிலுக்குப் போய், ஜெயில் வாசல் திறந்தால்தான் ஒருவர் வெளியே வந்தவர் ஆகிறார் என்பதை அந்த மனிதருக்கு யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று எங்களுக்கு நினைப்பு. ஏட்டையா "போலாங்க" என்று சொல்லி உள்ளே திரும்பியதும், அவர் வராந்தாவைத் தாண்டி வாசலில் நின்ற என்னிடம் வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். "போயிட்டு வரேங்கம்மா" என்றார்.

எங்கள் பக்கத்தில் யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். சாவு வீடு தவிர எங்கிருந்து கிளம்பினாலும் 'போயிட்டு வரேன்'தான். அவர் என்னிடம் விடைபெற்றார். நான் கழிப்பறைக்குப் போகிறார் என்று நினைத்தேன். கும்பிட்டதைப் பார்த்தும் நினைத்தேன். ஆண்கள் கழிப்பறைக்கு நான் எப்படிப் பின்னால் போவது? "சீக்கிரம் வாங்க" என்றேன். அவர் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று அப்போது புரியவில்லை. இனிமேல் இந்தப் பக்கம் எதற்கு வரப்போகிறேன் என்று சிரித்திருப்பார்.

கால் மணிநேரம் கழித்து ஏட்டையா முத்திரை வைத்த வாரண்டோடு வெளியே வந்து, "எங்கம்மா அவரு?" என்றார். கழிப்பறை, டீக்கடை, வக்கீல்கள் உட்காரும் கொட்டகை, சைக்கிள் நிறுத்துமிடம் எல்லாம் பார்த்தோம். ஏட்டையாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஓய்வுக்குப் பதினோரு மாதம் இருந்தது அவருக்கு. முப்பது வருடத்தில் ஒரு கைதி தப்பியதில்லை. "நாந்தான் போலாங்கன்னேன், அதான் போயிட்டாரு" என்று ஸ்டேஷனுக்குப் போகும் ஆட்டோவில் திரும்பத் திரும்பச் சொன்னார். "நுணலும் தன் வாயால கெடும்பாங்க, கெட்டுட்டேன்." அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், கழிப்பறைக்கு என்று நினைத்தேன் ஐயா, என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார் ஐயா என்று அந்த ஆட்டோவில் சொல்லியிருக்கலாம். சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சிமெண்ட் லாரி ஒன்றுக்கு ஒதுங்கி நின்ற நேரமே போதும். எனக்கு வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அப்பா படுக்கையில் கிடந்தார், வீட்டில் உலை வைப்பது என் சம்பளத்தில்தான்.

அவரை எங்கே கண்டுபிடித்தோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அவர் வீட்டில். எங்கள் கையிலிருந்த வாரண்டில் என்ன விலாசம் எழுதியிருந்ததோ அதே விலாசத்தில். பஸ்ஸில் டிக்கெட் வாங்கி, ஊருக்கு வந்து, தலைக்குக் குளித்து, ஈரத்துண்டோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜீப்பிலிருந்து இறங்கிய எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க, வாங்க, சாப்பிடுங்க" என்றார். பெண்டாட்டியிடம் இலை போடச் சொன்னார். கூட வந்த ஸ்டேஷன் ஆட்கள் அடிக்கக் கையை ஓங்கியபோதுதான் அவருக்கு ஏதோ கோளாறு என்று தெரிந்தது. "சொல்லிட்டுத்தானுங்களே வந்தேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. தான் சொன்ன 'போலாங்க'வைத்தான் அவர் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு ஏட்டையா தலையைக் குனிந்துகொண்டார். சாப்பிட்ட கையைக் கழுவ விடாமல் அவரை வண்டியில் ஏற்றினார்கள்.

அன்று மாலை புகார் எழுத வேண்டியிருந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் பேனாவைக் கொடுத்தார்கள். இந்த மாதிரிப் புகாருக்கு எங்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. 'சட்டப்படியான காவலில் இருந்த மேற்படி எதிரி, காவலர்களைத் தள்ளிவிட்டுத் தப்பியோடிவிட்டார்.' கைதி தள்ளிவிட்டார் என்பதை ஏட்டையா ஒப்புக்கொள்ளவில்லை. "அவரு யாரத் தள்னாரு? நான் போலாங்கன்னேன், போயிட்டாரு. அத எழுதுங்க" என்றார். இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. கைதி தப்பியோடினால் கைதி மேல் கேஸ். காவலர் தப்பவிட்டால் காவலர் மேல் கேஸ். சட்டத்தில் இரண்டு வார்த்தைதான் இருக்கிறது, மூன்றாவது கிடையாது, எது வேண்டும் என்று கேட்டார். கடைசியில், 'காவலர் அசந்திருந்த சமயம் பார்த்துத் தப்பியோடிவிட்டார்' என்று ஆயிற்று. நான்தான் எழுதினேன். 'ஓடிவிட்டார்' என்று எழுதும்போது, கும்பிட்ட கையும் அந்தச் சிரிப்பும்தான் கண்ணில் நின்றன.

அந்தச் சொல்லைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன், யோசிப்பது ஒன்றுதான் எனக்கு மிச்சம். தமிழில் தப்பு என்றால் பிழை, தப்புவது என்றால் பிழைப்பது. பிழை என்ற சொல்லும் அப்படித்தான், குற்றமும் அதுதான், உயிர்வாழ்வதும் அதுதான். சட்டம் கேட்பது ஒன்று மட்டும். தான் காவலில் இருப்பது தெரிந்து, அதிலிருந்து விலகும் எண்ணத்தோடு ஒருவன் போனானா? விட்டுவிட்டார்கள் என்று நம்பிப் போகிறவன், நடந்து போனாலும் ஓடிப்போனாலும், தப்பியவன் இல்லை. நம்பினான் என்பதற்கு என்ன சாட்சி? ஓடுகிறவன் எவனும் போலீஸிடம் சொல்லிக்கொண்டு ஓட மாட்டான். அவர் சொல்லிக்கொண்டு போனார். அதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது, அது நான்.

ஜாமீன் ரத்தானது. ஏட்டையாவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். கைநீட்டிப் பணம் வாங்கிக்கொண்டுதான் கைதியை விட்டிருப்பார் என்று அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்களே பேசினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். சீருடை இல்லாமல் அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன், சட்டைக்குள் ஆளே பாதியாக இருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "ஏம்மா, உன்கிட்ட சொல்லிட்டுப் போனதா அந்த மனுசன் வக்கீல்கிட்ட சொல்லியிருக்காராம். நெசமா? அப்படி எதுனா இருந்தா சொல்லும்மா. அவரு வெளிய வந்துடுவாரு. எம்மேல இருக்கிற கெட்ட பேரும் போயிடும்."

"இல்லைங்கய்யா. நான் கவனிக்கல" என்றேன்.

"நீ பொய் சொல்ற புள்ள இல்ல. அவரு பயத்துல ஏதோ சொல்றாரு போல" என்று தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். என்னை யாராவது அன்று செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவர் என்னை நம்பியதுதான் வலித்தது.

கோர்ட்டிலும் அதே கேள்வியைக் கேட்டார்கள். கூண்டிலிருந்து அந்த விவசாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தம்மா வந்துவிட்டாங்க, இனிமேல் சொல்லிவிடுவாங்க என்ற நிம்மதிதான் இருந்தது. நான் "ஞாபகம் இல்லை" என்றேன். அவர் தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்பதுபோல லேசாகத் தலையைச் சாய்த்தார். ஏட்டையா கூண்டில் ஏறி, "நாந்தானுங்க போலாங்கன்னு சொன்னேன்" என்று உள்ளதைச் சொன்னார். கைதியைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து, அதை யாரும் நம்பவில்லை. துறை விசாரணையில் அந்த வாக்குமூலத்தையே எடுத்து அவர் தலையில் கட்டினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதை நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.

விவசாயி குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்து அவரை அன்றைக்கே வெளியே விட்டார்கள். காவலிலிருந்து தப்பினார் என்று சட்டம் முடிவு செய்த நாளில்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது. அடிபட்ட பங்காளி அதற்குள் சமாதானமாகி, மண்வெட்டிக் கேஸைத் திரும்பப் பெற்றிருந்தார். ஆக, எந்தக் குற்றத்துக்காகப் பிடித்தார்களோ அது இல்லை என்றாகிவிட்டது, செய்யாத குற்றம் மட்டும் அவர் பேரில் நின்றது. ஊரில் யாருக்கும் சட்டப்பிரிவு தெரியாது, சொல் தெரியும். 'ஓட்டக்காரன் வூடு' என்று அந்த வீட்டுக்குப் பெயர் வந்தது. மகளுக்குப் பேசி வைத்திருந்த இடத்திலிருந்து, போலீஸிலிருந்து ஓடியவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் அந்த ஊர்க் காவலர் ஒருவர் கேண்டீனில் சிரித்துக்கொண்டே சொன்ன செய்தி. நான் டீயைக் குடித்து முடித்தேன்.

பதினான்கு வருடம் ஆகிவிட்டது. தகுதிகாண் பருவம் முடிந்தது, அப்பா போய்ச் சேர்ந்தார், எனக்கும் தோளில் ஏட்டுப் பட்டை ஏறியது. சட்டத்தின் பெயரையே மாற்றிவிட்டார்கள், பிரிவுகளின் எண்ணும் மாறிவிட்டது. தப்பியோடுதலும் தப்பவிடுதலும் அப்படியே இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் புதுப் பிரிவுகளைச் சொல்லிக்கொடுக்க என்னை நிறுத்தினார்கள். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "மேடம், நம்மகிட்டயே சொல்லிட்டுப் போனா அது எப்படி மேடம் எஸ்கேப் ஆவும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆகாது என்று சொல்லிவிட்டு, மீதி வகுப்பை வேறு ஒருவரை எடுக்கச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குரும்பலூருக்குப் போனேன். ஏட்டையா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டு சொன்னேன். தேய்ப்பதை நிறுத்தாமலே கேட்டார். "இத்தன வருசமா என் நாக்க நானே திட்டிக்கிட்டு இருந்தனம்மா" என்றார் கடைசியில். மன்னித்ததாக ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன், மனித மனசுக்கு எவ்வளவு பேராசை பாருங்கள். "என்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குப் பென்சன் வந்துட்டு இருக்கு. அந்த மனுசன் பேருக்குப் பின்னால இருக்குதே, அத யாரு எடுக்கறது?" என்றவர், அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை. காபி சாப்பிடச் சொல்லவில்லை.

வக்கீல் ஒருவரைக் கேட்டேன். பொய்ச்சாட்சி சொன்னதாக நானே எழுதிக் கொடுத்தால் என் வேலை போகும், கேஸும் வரும், அந்தத் தீர்ப்பு மாறுமா என்பதற்கு உத்தரவாதமில்லை என்றார். எழுதுங்கள் என்றேன். இதை எழுதும் இன்று அந்த மனு கோர்ட்டில் இருக்கிறது. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, பெரிதாக எதையும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் தாக்கல் செய்வதற்கு முன் அந்த விவசாயியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சேலை கட்டிக்கொண்டு, மனுவை உறையில் வைத்து எடுத்துக்கொண்டு, பஸ்ஸில்தான் போனேன்.

வெறும் உடம்போடு முற்றத்தில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. தாழ்வாரத்தில் தையல் மெஷினில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும், கழுத்தில் தாலி இல்லை. அவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே நானும் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனீர்கள், நான் பொய் சொன்னேன், அதைக் கோர்ட்டில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க", "சரிங்க" என்றார். தையல் மெஷின் நின்றுவிட்டது. காட்டலாம் என்று உறையிலிருந்து மனுவை எடுத்தேன்.

காகிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர் காதுக்குள் போகவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மகளைப் பார்த்து, பயப்படாதே என்பதுபோலக் கையைக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"உள்ள போயி சட்ட போட்டுக்கலாமுங்களாம்மா? வேணும்னா நீங்களும் கூட வாங்க."

நான் சரி என்று சொல்லும்வரை அவர் தன் வீட்டு வாசற்படியில் கால் வைக்கவில்லை.